அளவும் ஆணையும்

ஹங்கேரி தேசத்துப் பொறியியலாளர் ஓட்டோ பிளாத்தி 1889-இல் உருவாக்கிய மின்தூண்டல் மீட்டரும், அதன் வழிவந்து உலகமெங்கும் வீட்டுச் சுவர்களில் குடியேறிய, தகடு சுழலும் மீட்டர்களும் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே காரியத்தைத்தான் செய்துவந்தன. ஓடிய மின்சாரத்தின் அளவைக் காட்டுவதற்கு அப்பால் அவற்றுக்கு வீட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்களை ஒன்றும் செய்யவும் இயலாது. இன்றைய ஸ்மார்ட் மீட்டரோ, கணக்கைத் தானே கம்பெனிக்குச் சொல்லி அனுப்புவதோடு, கம்பெனி இடுகிற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மின்சாரத்தை நிறுத்தவும் வல்லது. முதல் சாமர்த்தியத்தைப் பற்றி விளம்பரங்கள் விஸ்தாரமாகப் பேசுகின்றன. அரிசி அளக்கிற படியே கடைக்கதவைச் சாத்தும் அதிகாரத்தையும் பெற்றுவிட்டாற்போன்ற இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தூரத்திலிருந்து வீட்டு மின்சாரத்தை ஆளுவது புதிய எண்ணமன்று. பிரிட்டனில் 1980களிலேயே, பி.பி.சி.யின் ரேடியோ 4 ஒலிபரப்பைச் சுமந்துசென்ற நெட்டலையின் மீது, நேயர்களின் செவிக்குப் புலப்படாத சமிக்ஞைகளையும் ஏற்றி அனுப்பி, மின்சாரத் தேவை குறைந்த இராக்காலத்தில் வீட்டுக் கணப்புகளையும் வெந்நீர்த் தொட்டிகளையும் இயக்கினார்கள். செய்தி வாசிப்பவரின் குரலும் கணப்புக்கான கட்டளையும் ஒரே அலையில் பிரயாணம் செய்தன என்பது ரசமான விஷயந்தான். ஆனால் அதற்குப் பிரதியாக வீட்டாருக்குக் கட்டணம் குறைந்தது. பாக்கிதாரரைத் தண்டிக்கும் கருவியாக அது அமையவில்லை.

அந்தரங்கத்தைப் பற்றிய அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. வீட்டின் மொத்த மின்னோட்டத்தில் நேரும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வகுத்த ஜார்ஜ் ஹார்ட், அது வேவு பார்க்கவும் உதவும் என்று 1989-இல் தாமே எழுதி எச்சரித்தார். எனினும், பிறர் நம் பழக்கங்களை அறிவதைக் காட்டிலும், நம் விளக்கை அணைக்கும் சக்தி பெறுவதே பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் கட்டணம் பாக்கி வைத்தவரை முன்பணம் செலுத்தும் மீட்டருக்கு மாற்றுவது நெடுநாளைய வழக்கம். அவர் இணங்காவிட்டால், கம்பெனி மாஜிஸ்திரேட்டிடம் வாரண்டு பெற்று, பூட்டுத் திறப்பவனோடு வாசலுக்கு வர வேண்டும். உக்ரைன் யுத்தத்தின் விளைவாகக் கட்டணங்கள் உச்சத்துக்கு ஏறிய 2022-இல், முன்பணம் தீர்ந்து மின்சாரமோ எரிவாயுவோ இல்லாமல் போனவர்கள் 32 லட்சம் பேர் என்று ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்னும் தர்ம ஸ்தாபனம் மதிப்பிட்டது. 2023 பிப்ரவரியில், பிரிட்டிஷ் காஸ் கம்பெனிக்காக வேலை செய்த வசூல் ஆட்கள் நலிந்தோர் வீடுகளிலும் புகுந்து இத்தகைய மீட்டரைப் பொருத்தியதை ‘டைம்ஸ்’ பத்திரிகை அம்பலப்படுத்தவே, கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்கும்படி ஒழுங்குமுறை அதிகார ஸ்தாபனமான ஆஃப்ஜெம் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது; வாரண்டு மனுக்களை விசாரிக்க வேண்டாமென்று மாஜிஸ்திரேட்டுகளுக்கும் மேலிடத்து நீதிபதியிடமிருந்து உத்தரவு வந்தது.

இத்தனை கூக்குரலும் எழுந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் வாசலுக்கு வந்தார் என்பதே. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டிலோ வாரண்டும் வேண்டாம், பூட்டுத் திறப்பவனும் வேண்டாம். அப்போது முன்னறிவிப்பு அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் இருந்தபடியே அதை முன்பண மீட்டராக மாற்றிவிட முடிந்தது. அந்த அறிவிப்பைப் படுக்கையில் கிடக்கும் நோயாளி பிரித்துப் பார்த்தாரா என்பதைக் கம்பெனி அறிந்திராது. நேரில் வந்த ஆட்களும் கண்டும் காணாதவர்களாய் நடந்துகொண்டார்கள் என்பது வாஸ்தவமே. ஆனால் அந்தக் கொடுமைக்குச் சாட்சி இருந்தது, சத்தமின்றி நிகழ்ந்த மாற்றத்துக்கோ சாட்சியே இல்லை. மழையில் கடைக்கு நடக்காமலே பணம் கட்டலாம், இரவிலும் வார இறுதியிலும் மின்சாரம் நின்றுபோகாமல் ஏற்பாடு உண்டு என்று கம்பெனிகள் சொல்லுகிற சௌகரியங்கள் பொய்யல்ல. 2023 நவம்பரில் அமலுக்கு வந்த விதிகள், 75 வயது நிரம்பித் துணையின்றி வாழ்வோரையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளையும் கட்டாய மாற்றத்திலிருந்து காத்தன. தூரத்திலிருந்து செய்யும் மாற்றத்தையும் அவை கட்டுப்படுத்தின.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ராஸ் ஆண்டர்ஸனும் சைலேந்திர புலோரியாவும் 2010-இலேயே வேறொரு அபாயத்தைச் சுட்டியிருந்தார்கள்: கோடிக்கணக்கான வீடுகளை ஓரிடத்திலிருந்து அணைக்கலாமென்றால், அந்த இடத்தைக் கைப்பற்றிய பகைவனும் அணைக்கலாம்.

டச்சுக்காரர்கள் இதை வேறுவிதமாகத் தீர்த்தார்கள். ஸ்மார்ட் மீட்டரை மறுப்பவருக்குச் சிறைவாசம்கூட விதிக்க இடமளித்த மசோதாவை, அந்தரங்க உரிமையை முன்னிட்டு நாடாளுமன்றத்தின் மேல்சபை 2009-இல் ஏற்க மறுத்தது. பின்னர் வந்த சட்டம் மறுக்கும் உரிமையை வீட்டாருக்கே வழங்கிற்று. அதற்கும் பிறகு, தூரத்திலிருந்து அணைக்கும் சுவிட்சையே மீட்டரின் அமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அத்தகைய மீட்டர் உள்ள வீட்டில் பாக்கிக்காக மின்சாரத்தை நிறுத்த வேண்டுமானால், கம்பெனியின் ஆள் நேரில் வந்தாக வேண்டும்.