பாலக்கோடு பக்கம் "சயனைட்" கல்! பெயரைக் கேட்டு பயப்படாதீங்க. போர் தண்ணியைப் பாருங்க

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு - பென்னாகரம் பகுதியில் இருக்கிறது, பிக்கிலி மலை. "அங்கே சயனைட் இருக்காம்!" என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு பகீர் என்றுதான் இருக்கும்.

பயம் வேண்டாம். உயிரைக் குடிக்கும் "சயனைடு" வேறு. இந்த "சயனைட்" வேறு. இது வெறும் கல்!

கிரானைட்டின் தம்பி

பூமிக்கு அடியில் கொதித்த பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியதுதான் இந்தக் கல். கிரானைட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கிரானைட்டில் வெங்கச்சாங்கல் நிறைய இருக்கும். சயனைட்டில் அது இல்லை, அல்லது கொஞ்சம்தான் இருக்கும். மற்றபடி பெரும்பகுதி "பெல்ஸ்பார்"தான். பீங்கான், கண்ணாடி செய்ய உதவும் அதே பெல்ஸ்பார்!

75 கோடி வயது

குடியாத்தம் பக்கத்தில் இருந்து பவானி பக்கம் வரை சுமார் 200 கிலோ மீட்டர் நீளத்துக்கு பூமியில் ஒரு பழைய வெடிப்பு ஓடுகிறது. அந்த வழியாகத்தான் சயனைட் மேலே வந்தது. திருப்பத்தூர் மாவட்டம் ஏலகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டி, நம்ம பிக்கிலி எல்லாம் இந்த வரிசைதான். ஏலகிரி கல்லின் வயது சுமார் 75 கோடி ஆண்டு!

பெயர் வந்த கதை

எகிப்தில் உள்ள அஸ்வான் நகருக்கு பழைய பெயர் "சயனி". அந்த ஊர்க் கல் என்பதால் இந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அஸ்வானில் வெட்டிய கல் உண்மையில் கிரானைட் என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பல்லில் காவி

கல் விஷம் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயம் அப்படி அல்ல.

இந்த மாவட்டத்துப் பாறைகளில் பெல்ஸ்பாரோடு கறுப்புக் காக்காப்பொன் போன்றவையும் கலந்திருக்கின்றன. "புளோரைடு" அவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தேங்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. போர் போட்டால் அதுதான் மேலே வருகிறது.

லிட்டருக்கு 1½ மில்லி கிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பல் முளைக்கும் வயதில் குடிக்கும் பிள்ளைகளுக்கு பல்லில் காவிக்கறை ஏறும். தேய்த்தாலும் போகாது. பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிய நிமிர முடியாது.

"கொதிக்க வச்சா சரியாப் போயிடும்" என்று நினைப்பது தப்பு. தண்ணீர் ஆவியாகும்; புளோரைடு போகாது. அளவு கூடத்தான் செய்யும்!

காவிரித் தண்ணீர்

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியுடன் சுமார் ரூ.1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

குழாயில் காவிரித் தண்ணீர் வரும் வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவ இருக்கட்டும்.

போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால், ஒரு பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, புளோரைடு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.