கைதியாக இறந்த சிப்பாய்க்கு ஊரில் ஒரு கல்

களத்தில் குண்டடிபட்டு விழுந்தவனைத்தான் வீரன் என்கிறோம். எதிரியின் முகாமில் பட்டினியாலும் மலேரியாவாலும் செத்தவனை அந்தக் கணக்கில் சேர்க்க நமக்குத் தயக்கம். பழந்தமிழருக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. சோழன் செங்கணானிடம் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். கேட்ட தண்ணீர் உடனே வரவில்லை. வந்தபோது குடிக்க மறுத்து உயிர்விட்டான் என்கிறது புறநானூறு 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. சிறையில் வந்த சாவு அவன் வீரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அவன் அரசன். சாதாரணச் சிப்பாய்க்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கையில் இறந்த நம்மவர்களே இதற்குச் சாட்சி.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபாரர் பூங்காவில் இந்தியப் படையினர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனியே பிரிக்கப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்தப் போருக்குப் பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைக் கொடுத்தது சென்னை மாகாணம். பிடிபட்டவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பல்லாயிரம் பேர் கப்பலேற்றப்பட்டு நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளில் மூட்டை சுமக்கவும் பதுங்குகுழி வெட்டவும் விடப்பட்டார்கள். நியூ கினியின் வேவாக் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் மூவாயிரம் பேரில் போர் முடிந்தபோது மிஞ்சியவர்கள் சில நூறு பேர்கூட இல்லை. 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தும் அதை உறுதி செய்யவில்லை. இதைவிடக் கொடியது பின்னால் நடந்தது. நியூ பிரிட்டனின் ரபாவுலில் ஆஸ்திரேலியர் நடத்திய போர்க்குற்ற வழக்குகளில், இந்த இந்தியர்கள் போர்க்கைதிகளே அல்லர், தாமாக ஜப்பானிய வேலைக்கு வந்தவர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. உயிரைப் பறித்ததோடு நிற்காமல், கைதி என்ற தகுதியையும் பறிக்கப் பார்த்தார்கள். அவர்களை நாம் மறந்தால் அந்த வாதத்துக்குத் துணைபோனவர்கள் ஆகிறோம்.

அவர்கள் பிறந்த ஊரில் ஒரு கல் வைக்க வேண்டும் என்றால், வெள்ளைக்காரனுக்குச் சம்பளத்துக்குச் சண்டை போட்டவனுக்கு ஏன் நினைவுக்கல் என்று கேட்பார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. விடுதலைக்காக நேதாஜியின் பின்னால் போனவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அவர்களில் பலரும் இதே முகாம்களிலிருந்து எழுந்தவர்கள்தான். எடுத்த உறுதிமொழியை உடைக்க மாட்டேன் என்று நின்றவனும், நாட்டுக்காகப் புது உறுதி எடுத்தவனும் ஒரே இக்கட்டில் மனசாட்சியோடு போராடியவர்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த கேப்டன் மதீன் அகமது அன்சாரியைப் பாருங்கள். ஹாங்காங்கில் பிடிபட்ட அவரைப் பட்டினி போட்டு வதைத்தார்கள். தம் படையை விட்டு விலக அவர் இணங்கவில்லை. 1943 அக்டோபர் 29 அன்று தலையை வெட்டினார்கள். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அந்த உறுதியைப் பேரரசுக்குச் செய்த ஊழியம் என்று மட்டும் சுருக்கிவிட முடியுமா? சரணடைந்தவனுக்கு என்ன பெருமை என்று கேட்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் சரணடையும் முடிவை எடுத்தவர் தளபதி பெர்சிவல். சிப்பாயிடம் யாரும் கேட்கவில்லை.

சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தில்தான் பெயர்கள் இருக்கின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. இருக்கின்றன: கல்லறை தெரியாத இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தச் சுவர் அவன் பிறந்த ஊரிலிருந்து கடல் தாண்டி நிற்கிறது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு. பழைய தென்னார்க்காடு என்று தேடி, கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களின் பெயர்களைத் தொகுப்பது ஒரு கல்லூரி வரலாற்றுத் துறைக்கு ஓராண்டு வேலை. லால்பேட்டை போன்ற ஊர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. சிங்கப்பூர், மலேசியா என்று பிழைக்கப் போகும் குடும்பங்கள் அங்கே உண்டு, கிராஞ்சிக்குப் போய்ப் பெயரைச் சரிபார்த்து வரவும் அவர்களால் முடியும். முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கிலேயர் நம் கிராமங்களில் பதித்த கல்வெட்டுகள் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்கின்றன. புதிதாக வைக்கும் கல்லில் பெயரும் தந்தை பெயரும் படைப்பிரிவும் இருக்க வேண்டும். எங்கே, யார் கையில் கைதியாக இருந்து இறந்தான் என்பதையும் மறைக்காமல் வெட்ட வேண்டும்.