சத்தம் எங்கிருந்து வருகிறது?

சென்ற பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, நம் சங்க நண்பர் ஒருவர் மாலை வேளையில் என் வீட்டுக்கு வந்தார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் சேலம். அவரிடம் 1988-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. காலஞ்சென்ற அவர் தந்தையார் வாங்கிய வண்டி. ஆண்டுதோறும் பொங்கலுக்கு அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு ஊருக்குப் போவார்.

"என்ஜினீயர் சார், வண்டி ஓடும்போது அடியில் அதிர்கிறது. கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி. பட்டறையில் காட்டினேன். கியர் பாக்ஸைப் பிரிக்கணும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பையன் போனில், 'எடைக்குப் போட்டுடுங்கப்பா' என்கிறான். நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் கம்மிவிட்டது.

நான் கார் மெக்கானிக் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் காலம் தள்ளியவன். ஆனால் எங்கள் துறையில் ஒரு பாடம் உண்டு. ரயில் நிலையத்துக்குள் நுழையும்போதே இருபுறமும் ஆட்கள் நின்று, ஒவ்வொரு சக்கரத்தையும் கண்ணால் பார்ப்பார்கள், காதால் கேட்பார்கள். நின்ற பிறகு அச்சுப் பெட்டியின் சூட்டைச் சோதிப்பார்கள். பழைய நாளில் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் தரும். முதலில் கேள், பிறகு தொடு, கடைசியில்தான் கழற்று என்பதே அந்தப் பாடம். வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் நோயின் காரணத்தை முதலில் தேடத்தானே சொல்கிறார்!

அம்பாசிடரில் என்ஜின் முன்னால் இருக்கிறது. ஓட்டுவது பின் சக்கரங்கள். என்ஜினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து வண்டியின் அடியில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூலம் பின் ஆக்சிலுக்குப் போகிறது. அங்கே கிரவுன், பினியன் என்ற பல் சக்கரங்கள் அதைத் திருப்பிச் சக்கரங்களுக்குத் தருகின்றன. பிரீமியர் பத்மினியிலும் இதே அமைப்புதான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுது என்று கண்டுபிடிப்பதற்குக் காசு செலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, போக்குவரத்து தொடங்கும் முன், பழைய மெட்ராஸ் சாலையில் வண்டியை எடுத்தோம். கிளம்பும் முன் வண்டியை நிறுத்தியபடியே நியூட்ரலில் வைத்து என்ஜினை உறும விட்டேன். அதிர்வு இல்லை. கிளட்சை மிதித்தேன். மிதிக்கும்போது சத்தம் பிறந்தால் கிளட்சின் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கும். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸின் முகப்பு பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் அதிர்வு தொடங்கியது. அதே வேகத்தில் மூன்றாவது கியரிலும் பார்த்தேன், நான்காவதிலும் பார்த்தேன். என்ஜின் சுற்றும் வேகம் மாறியது, அதிர்வு மாறவில்லை. ஆக, கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்தது.

சக்கரமா, ஷாஃப்டா? இங்கே கொஞ்சம் கணக்கு. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். அதாவது 500 சுற்று, வினாடிக்கு எட்டு. ஷாஃப்டோ சக்கரத்தைப் போல நாலு, நாலரை மடங்கு வேகமாகச் சுற்றும். வினாடிக்கு 35 சுற்று வரை. சக்கரக் கோளாறு தொட்டில் ஆட்டுவதுபோல் உலுக்கும். ஷாஃப்ட் கோளாறு வண்டு ரீங்காரம்போல் இருக்கையில் ஏறும். நாங்கள் உணர்ந்தது வண்டுதான்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஊளைச் சத்தம் வந்து, காலை எடுத்ததும் அது மாறினால் கிரவுன், பினியன் பற்கள் தேய்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். இவையும் இல்லை.

வீட்டுக்கு வந்து முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகினேன். ஷாஃப்டின் முனையில் கிராஸ் வைத்த ஜாயிண்ட் இருக்கும். ஜாயிண்டின் இரு பக்கமும் சேர்ந்து அசைந்தால் ஆக்சிலுக்குள் இடைவெளி. ஒரு பக்கம் அசைய மறுபக்கம் சும்மா இருந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. பின் ஜாயிண்டில் ஷாஃப்ட் பக்கம் மட்டும் அசைந்தது. பேரிங் கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி. கிரீஸ் கண்டு எத்தனை காலமாயிற்றோ!

ஜே.சி. ரோடில் கிராஸ் வாங்கினோம். எனக்குத் தெரிந்த சிவாஜிநகர் பாய் ஒருவர் ஷாஃப்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு எச்சரிக்கை: ஷாஃப்டைக் கழற்றிய பின் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. கட்டை வைப்பது கட்டாயம்.

ஓட்டிப் பார்த்தால் 'டக்' போய்விட்டது. ஆனால் அதிர்வு முன்னைவிட அதிகம்! நண்பர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. பின் ஆக்சிலோடு ஷாஃப்டை இணைக்கும் தட்டில் நான்கு போல்ட்டுகள். கழற்றும் முன் இரு தட்டுகளிலும் நேருக்கு நேர் அடையாளம் போட்டிருக்க வேண்டும். இத்தனை ஆண்டு மற்றவர்களுக்குச் சொன்னதை நானே மறந்துவிட்டேன். "பாய், தவறு என்னுடையது. அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள்" என்றேன். மாட்டினார். அதிர்வு அடங்கியது. ஷாஃப்டின் நடுவே பல் இணைப்பு உள்ள வண்டிகளில் இந்த அடையாளம் இன்னும் முக்கியம். இரு ஜாயிண்டுகளும் ஒரே திசையில் அமைந்தால்தான் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடு செய்யும்.

மொத்தச் செலவு பட்டறை சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பணம் மட்டும் அல்ல விஷயம். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தை நம்மில் பலர் அறிவோம். அங்கே கியரைக் குறைத்து, என்ஜினின் பிடிப்பில் மெதுவாக இறங்க வேண்டும். அந்த இடத்தில் ஜாயிண்ட் உடைந்தால் அந்தப் பிடிப்பு நொடியில் போய்விடும். கியர் பாக்ஸுக்கு 28,000 கொடுத்து, தேய்ந்த கிராஸோடு அவர் அங்கே இறங்கியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மாருதி 800 போன்ற வண்டிகளில் முன் சக்கரங்களே இழுக்கின்றன. நீண்ட ஷாஃப்ட் கிடையாது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று வந்தால் சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயிண்டைப் பாருங்கள். அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் புகும். உறையை உடனே மாற்றினால் ஜாயிண்ட் தப்பும். எந்த வண்டியானாலும், என்ஜின் சீறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். மேட்டில்தான் அது முதலில் தெரியும்.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. அடித்தளம் துருப்பிடித்து இற்றுப்போனால் விடை கொடுப்பதே நல்லது. 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் முடிவு எடுக்கும் முன் ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த வேகத்தில், எந்தக் கியரில், திரும்பும்போதா நேரிலா என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதை மதிப்பார்.

பொங்கலன்று காலை சேலத்திலிருந்து நண்பர் போன் செய்தார். "சார், சத்தமே இல்லை. வீட்டம்மா கிருஷ்ணகிரியிலிருந்து தூங்கிக்கொண்டே வந்தாள்" என்றார். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு ரயில்வேயில்கூடக் கிடைத்ததில்லை.