பாட்டு மருந்தாகுமா?



ஆம்பூரில் நான் ஆசிரியையாக இருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "பாட்டுப் பாடினா நோய் தீருமா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். லீவு போட்டால் சம்பளம் குறையுமே என்று காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். அன்று அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பெண்கள் பலர் ஆண் டாக்டரிடம் போகமாட்டார்கள். பிரசவத்தில் உயிருக்குப் போராடினாலும் வீட்டார் சம்மதிக்கமாட்டார்கள். இதைக் கண்டு மனம் வருந்திய ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை! 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

வேலூருக்கு ஐடா அம்மையார் கிடைத்தார். மற்ற ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்?

1944 பிப்ரவரி 22-ல், காந்தியடிகளின் மனைவி கஸ்தூரிபா, புனேயில் சிறைக்காவலில் இருந்தபோதே காலமானார். அவர் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்டத் தலைவர்கள் முடிவு செய்தார்கள். அந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்பட வேண்டும் என்றார் காந்தியடிகள்.

அந்த நிதிக்காகக் கச்சேரிகள் செய்தவர் யார் தெரியுமா? மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி! அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

உதவிக் கச்சேரி என்றால் என்ன? பாடுபவர் தனக்கென்று பணம் வாங்கமாட்டார். மக்கள் டிக்கெட் வாங்கிக் கேட்பார்கள். செலவு போக மிஞ்சும் பணம் நல்ல காரியத்துக்குப் போகும். எம்.எஸ்.ஸுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதிய காந்தியடிகள், அதில் தமிழிலேயே கையெழுத்துப் போட்டார்!

அந்த நிதியில் உருவான கஸ்தூரிபா அறக்கட்டளையின் பணிகளைத் தமிழகத்தில் கவனித்தவர் டாக்டர் சவுந்தரம். இவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே கஸ்தூரிபா பெயரிலேயே ஒரு மருத்துவமனை இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், பாட்டு மருந்தாகுமா, ஆகாதா?

எம்.எஸ். அதன் பிறகும் எத்தனையோ நற்பணிகளுக்காகப் பாடினார். 1974-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இசைக்காக அல்ல, பொதுச் சேவைக்காக!

உலக அளவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1971-ல் வங்கதேசப் போரால் லட்சக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். சிதார் மேதை ரவிசங்கர் மனம் பொறுக்காமல், தன் நண்பரான ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. சுமார் 40 ஆயிரம் பேர் கேட்டார்கள். டிக்கெட் பணம் ஐ.நா.வின் யுனிசெப் அமைப்புக்குப் போனது. ஆனால், இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பணத்தில் பெரும்பகுதி, வரித் தகராறால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது! பணம் திரட்டினால் மட்டும் போதாது. கணக்குச் சரியாக இருந்தால்தான் அது உரியவர் கையில் போய்ச் சேரும்.

நீங்களும் பள்ளி ஆண்டு விழாவில் பாடுவீர்கள், ஆடுவீர்கள். ஒரு முறையாவது அதை ஒருவருக்கு உதவும் நிகழ்ச்சியாக நடத்தலாமே! பத்து ரூபாய் சேர்ந்தாலும் நோட்டில் எழுதி, எல்லோருக்கும் காட்டுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவி என்ன ஆனாள் என்கிறீர்களா? அடுத்த ஆண்டு விழாவில் அவளே பாடினாள். கடைசி வரிசையில் நின்று கேட்டவர் அவள் அம்மா. அன்று அவர் லீவு போட்டிருந்தார்!