கரு தரிக்கும் முன்பே எடை பாருங்கள்

நாட்டரசன்கோட்டைப் பக்கம் கல்யாணம் முடிந்த கையோடு விருந்துகள் தொடங்கிவிடும். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று இலை நிறையும். இரண்டு மாதம் போனால் "விசேஷம் உண்டா?" என்ற விசாரிப்பும் வந்துவிடும். ஆனால் புதுப்பெண்ணின் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் அதுதான்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2015–16இல் இது 30.9 சதவீதமாக இருந்தது.

நஞ்சுக்கொடியில் என்ன நடக்கிறது?

தாயிடமிருந்து சத்தையும் ஆக்சிஜனையும் குழந்தைக்குக் கொடுப்பது நஞ்சுக்கொடி. கருவுற்ற முதல் வாரங்களிலேயே அது உருவாகத் தொடங்குகிறது. நாள் தள்ளிப்போய், டாக்டரைப் பார்ப்பதற்குள் பாதி அஸ்திவாரம் போட்டாகிவிடும். அதிக எடையுள்ள உடலில் இன்சுலினும் கொழுப்பும் அழற்சிப் பொருள்களும் கூடியிருக்கலாம். அந்தச் சூழலில்தான் நஞ்சுக்கொடி வளர்கிறது.

பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்த ஆய்வுகளில், டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற வேதிக்குறிகள் தாயின் கர்ப்பத்துக்கு முந்தைய எடையைப் பொறுத்து வேறுபடுவது தெரிந்தது. மரபணு மாறுவதில்லை, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறலாம். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்தான். இன்ன குழந்தைக்கு இன்ன நோய் வரும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. எந்தத் தாயையும் குற்றம் சொல்லவும் முடியாது.

கண்ணெதிரே தெரியும் ஆபத்துகள் வேறு: கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிசேரியன். மிகவும் ஒல்லியாக இருந்தாலும் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

என்ன செய்யலாம்?

155 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு, 62ஐ 1.55ஆல் இருமுறை வகுத்தால் உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) 25.8. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான அளவு. 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் உடல் பருமன். கர்ப்பத்துக்கு முன்பே உணவாலும் நடையாலும் எடையைக் குறைக்கத் தொடங்குங்கள். கர்ப்பமான பிறகு பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது. ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே தொடங்குங்கள்.

உங்கள் உரிமைகள்

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், சிசேரியன், மருந்து எல்லாம் இலவசம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையிலேயே இந்தச் சோதனையைக் கேளுங்கள்; 24–28 வாரத்தில் மறுபடியும் செய்ய வேண்டும்.

எடையைச் சொல்லி யாரும் உங்களை அவமதிக்கக் கூடாது. உங்கள் நஞ்சுக்கொடியை ஆய்வுக்கு எடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். குறை இருந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். சந்தேகங்களுக்கு 104ஐ அழையுங்கள்.

அரசிடம் ஒரு கோரிக்கை: கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு கர்ப்பத்திலிருந்து அல்ல, கல்யாணத்திலிருந்தே தொடங்கட்டும்.