மைல் கணக்கு – 11: வந்த வாசல் வழியே திரும்பாதீர்கள்

புட்டிங் கதை நினைவிருக்கும்: 1999-இல் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் 12,150 கிண்ணம் புட்டிங் வாங்கி, லேபிள்களைக் கிழித்து அனுப்பியே 12 லட்சத்துக்கும் மேல் விமானப் பயண மைல் சேர்த்தது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த வாரம் கிரெடிட் கார்டு பாயிண்ட்டை மைலாக மாற்றுவதைப் பார்ப்பதாகப் பேச்சு. அதற்கு முன் திருவிடைமருதூர் வரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

மகாலிங்கசுவாமி கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் தவறாமல் சொல்வது, வந்த வழியே வெளியே போகக்கூடாது என்பது. வரகுண பாண்டியனின் குதிரை இருட்டில் ஓர் அந்தணரை மிதித்துவிட, பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டது. கிழக்கு வாசல் வழியாக அவன் கோயிலுக்குள் போனான். அது உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. மேற்கு வாசல் வழியாக அவன் வெளியேறித் தப்பித்தான் என்பது தலவரலாறு. அது இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறது என்று கிழக்கு வாசலில் இருக்கும் சிலையைக் காட்டுவார்கள்.

லண்டன் ஹீத்ரோவிலும் அப்படி ஒன்று காத்திருக்கிறது. பெயர், ஏர் பாசஞ்சர் டியூட்டி.

மைல் கொடுத்தால் கிடைப்பது இருக்கை மட்டுமே. வரியும் விமான நிறுவனம் போடும் சர்சார்ஜும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பிரிட்டனின் இந்த வரி, அங்கே வந்து இறங்குகிறவரைத் தொடுவதே இல்லை. அங்கிருந்து புறப்படுகிறவரைத்தான் பிடிக்கிறது. இந்தியா அளவு தூரத்துக்கு 2026 ஏப்ரல் முதல் சாதாரண வகுப்பில் தலைக்கு 102 பவுண்டு. முதல் வகுப்பில் 244. சாதாரண வகுப்பில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. முதல் வகுப்பில் தனி இருக்கை எடுத்துவிட்டால் அந்தச் சலுகையும் போச்சு. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் 976 பவுண்டு. நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். அதுவும் ‘இலவச’ டிக்கெட்டுக்கு!

இனிதான் இந்த வாரத் தொடரைத் திசை திருப்பிய தகவல். இந்த வரி அமலுக்கு வந்தது 1994 நவம்பர் 1. கடலுக்கு அடியில் சுரங்கம் குடைந்து லண்டனையும் பாரிஸையும் இணைத்த யூரோஸ்டார் ரயில், பயணிகளை ஏற்றத் தொடங்கியது அதே ஆண்டு நவம்பர் 14. கிழக்கு வாசலில் பூதம் வந்து உட்கார்ந்த இரண்டே வாரத்தில் மேற்கு வாசல் திறந்துவிட்டது! இன்று அந்த ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் கொண்டுபோய் விடுகிறது. ரயில் பயணிக்கு விமான வரி ஏது?

ஆனால் பாரிஸிலும் ஒரு குட்டிப் பூதம் உண்டு. 2025 மார்ச்சில் பிரான்ஸ் தன் வரியை ஏற்றியதில், தொலைதூர முதல் வகுப்புக்கு 120 யூரோ ஆகிவிட்டது. லண்டனுக்கு இது தேவலை. பாரிஸிலிருந்து ரயிலில் இன்னும் நாலு மணி நேரம் போனால் சூரிச். சுவிட்சர்லாந்தில் விமான டிக்கெட்டுக்கு இப்படி ஒரு வரியே இல்லை. கொண்டுவரப் பார்த்தார்கள், 2021 ஜூன் 13 பொது வாக்கெடுப்பில் மக்கள் அந்தச் சட்டத்தையே தோற்கடித்தார்கள்.

பிரிட்டனுக்குள்ளேயே ஒரு சந்து உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வெர்னஸ் விமான நிலையத்தில் புறப்படுகிறவர்களுக்கு இந்த வரி கிடையாது. ஒரே டிக்கெட்டில் அங்கிருந்து கிளம்பி, 24 மணி நேரத்துக்குள் லண்டனில் விமானம் மாறி ஊர் திரும்பினால் வரி தொடாது. மைல் பைத்தியங்கள் இதற்காகவே வடக்கே போகிறார்கள்.

ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறும் டிக்கெட்டுக்கு விமானத் தொழிலில் ‘ஓப்பன் ஜா’ என்று பெயர். நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்து போக நெவாசா கப்பலில் ஏறியது சென்னையில். 1919 மார்ச் 27 அன்று நகோயா கப்பலில் வந்து இறங்கியது பம்பாயில். அவருக்கு வரிக் கவலை இருந்திருக்காது.

காசு கொடுத்து வாங்கும்போது ஒருவழி டிக்கெட் பல சமயம் யானை விலை சொல்லும். ஆனால் ஏவியாஸ் போன்ற பல மைல் திட்டங்களில் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் தனித்தனிக் கணக்கு. அதனால் லண்டனுக்கு ஒன்று, சூரிச்சிலிருந்து ஒன்று என்று பிரித்து எடுத்தால் நஷ்டமில்லை. இந்திய பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா ஒன்று, ஷெங்கன் விசா ஒன்று என இரண்டு வேண்டும். இரண்டு இடத்தையும் பார்க்கிற எண்ணம் இருந்தால்தான் கணக்கு கட்டுப்படியாகும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் காரைக்கால் குடும்பங்களுக்கு விசாத் தொல்லையும் இல்லை.

இருக்கை கிடைக்குமா என்பது தனிக் கதை. எமிரேட்ஸ் 2025 மே முதல் தன் மைலில் முதல் வகுப்பை சில்வர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

கார்டு பாயிண்ட் விவகாரம், வேறு வழியில்லை, அடுத்த வாரம். அதற்குள் அவசரப்பட்டு யாரும் பாயிண்ட்டை விமான நிறுவனத்துக்கு மாற்றிவிட வேண்டாம். மாற்றியது திரும்பி வராது.