உங்களுக்குத் தெரியுமா? திண்டுக்கல் எண்ணில் ஒரு பகா எண்

திண்டுக்கல்லின் தொலைபேசிக் குறியீடான 0451-இல் முன்னிற்கும் பூஜ்யத்தை நீக்கினால் எஞ்சும் 451, 11-ஐயும் 41-ஐயும் பெருக்கிக் கிடைக்கும் சாதாரணப் பகு எண்ணேயாயினும், அதன் முதலிரு இலக்கங்களை இடம் மாற்றிய மாத்திரத்தில் தோன்றும் 541, 2-இல் தொடங்கும் பகா எண் வரிசையில் சரியாக நூறாவது ஸ்தானத்தை வகிக்கிறது.

• ஏனைய நான்கு மாற்றமைப்புகளும் பகு எண்களே: 145, 415 ஆகியவை 5-ஆலும், 154, 514 ஆகியவை 2-ஆலும் வகுபடும்.

• இதற்கு மாறாக, 113-ஐ எவ்விதம் கலைத்து அடுக்கினாலும், 131 ஆனாலும் 311 ஆனாலும், அது பகா எண்ணாகவே நிற்கும். 199, 337 ஆகியவற்றுக்கும் இந்த விசேஷ குணம் உண்டு. இரட்டை இலக்கமோ ஐந்தோ கடைசி இடத்துக்கு வந்தால் எண் வகுபட்டுவிடுமாதலால், இத்தகைய பல இலக்க எண்களில் 1, 3, 7, 9 தவிர வேறு இலக்கத்துக்குப் பிரவேசமில்லை. ஒன்றுகளை மட்டுமே அடுக்கிய எண்களை விலக்கிவிட்டால், 991-க்கு மேல் இவ்வினத்தைச் சேர்ந்த எண் ஒன்றுகூட இதுகாறும் அகப்படவில்லை என்பது பெரும் ஆச்சரியம்.

• 1487, 4817, 8147: மூன்றும் பகா எண்கள், மூன்றிலும் அதே நான்கு இலக்கங்கள், அடுத்தடுத்த வித்தியாசமோ 3330.

• திண்டுக்கல் மாவட்ட வாகனப் பதிவு எண்ணான 57-க்கோ, இலக்கங்களை இடம் மாற்றினாலும் பகா எண்ணாகும் பாக்கியம் இல்லை. 57, 75 இரண்டுமே 3-ஆல் வகுபடும்.